பொறிக்குள் ஒரு பொறி

(கிளியனூரில் மாணாக்கரும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திண்டிவனத்தினின்று புதுவைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வானூர் வட்டத்தில் அமைந்த ஊர் கிளியனூர். இவ்வூரினின்றும் சுற்றியுள்ள சிற்றூர்களினின்றும் இளைஞர் பலர் திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் புதுவைக்கும் சென்று கல்வி பயில்கின்றனர். அவருள் கணிப்பொறி பயில்வார்க்கு ஓர் இக்கட்டு உண்டு. ‘இலினக்சு’ என்னும் இயங்குதளத்தைக் கற்றுக்கொள்க எனக் கல்லூரி கூறுகின்றது. வீட்டிலோ இருப்பது ஒரே மடிக்கணிப்பொறி. அதனுள் ‘விண்டோசு’ குடியிருக்கின்றது. அக்காள் திருமணத்தின் ஒளிப்படங்கள் அதில் உள்ளன. தந்தையாரின் நில ஆவணப் படிகள் அதில் உள்ளன. தம்பியின் பள்ளிப் பாடங்களும் அதில் உள்ளன. “இருப்பதை அழித்துவிட்டுப் புதியதைப் போடப் போகிறேன்” என்று பிள்ளை சொன்னால், “அதில் கைவைக்காதே” என்பதன்றோ தாயின் விடை? அவ்விடையில் பிழையொன்றும் இல்லை. இருப்பதைக் காப்பதும் அறிவே.

ஆயினும் அவ்வொரு சொல்லால் எத்துணையோ இளைஞரின் கல்வி வாயிற்படியிலேயே நின்றுவிடுகின்றது. இருப்பதையும் இழவாமல் புதியதையும் கற்கும் வழி ஏதும் உண்டா? உண்டு. விண்டோசின் மேல் கீறலும் படாமல், அதே பொறிக்குள் மற்றொரு பொறியை அமைத்து, அதற்குள் இலினக்சை இயக்கலாம். அதற்கு மெய்நிகர்ப் பொறி என்று பெயர். அது யாது, எங்ஙனம் இயங்குகின்றது, அதனால் தமிழர்க்கு என்ன ஊதியம் என்பனவே இவ்வுரையின் பொருள்.

உரிமையுள்ள மென்பொருள்

கணிப்பொறியைத் திறந்தவுடன் எழுந்து நின்று, செயலி, நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை ஆகிய அனைத்தையும் ஏவல் கொள்ளும் மென்பொருளே இயங்குதளம். விண்டோசு ஒரு நிறுவனத்தின் உடைமை. அதனை வாங்கியவர்க்குப் பயன்படுத்தும் இசைவு மட்டுமே உண்டு. அதன் மூலநிரலைப் படிக்கவோ, திருத்தவோ, படியெடுத்து அண்டை வீட்டார்க்குக் கொடுக்கவோ உரிமை இல்லை.

இந்நிலையை ஏலாத அமெரிக்கர் இரிச்சர்டு சுடால்மன் 1983 செபுதம்பர்த் திங்களில் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்தார். எப்பயனுக்கும் இயக்குதல், படித்தறிந்து மாற்றுதல், படியெடுத்துப் பகிர்தல், மாற்றியதையும் பகிர்தல் என்னும் நான்கு உரிமைகளும் பயனர்க்கு வேண்டும் என்பது அவர் கோட்பாடு. அவ்வுரிமைகள் உள்ளதே கட்டற்ற மென்பொருள். பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த இலினசு தொர்வால்டுசு 1991 ஆகத்துத் திங்களில் தாம் எழுதிவந்த இயங்குதள உட்கருவைப் பற்றி உலகிற்கு அறிவித்தார். அதுவே இலினக்சு. மறு ஆண்டு அது குனுவின் பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வந்தது. அன்று ஒரு மாணவன் தன் அறையில் தொடங்கிய வேலை, இன்று உலகின் பெருங்கணிப்பொறிகள் 500 எனக் கணக்கிடப்பெறும் பட்டியலில், 2017 நவம்பர் தொட்டு, ஒன்று விடாமல் அனைத்தையும் இயக்குகின்றது. ஆண்டிராய்டுக் கைப்பேசிகளின் அடியில் இருப்பதும் இலினக்சு உட்கருவே. “எனக்கும் இலினக்சிற்கும் தொடர்பில்லை” என்பார் சட்டைப்பையிலும் அது குடியிருக்கின்றது என்க.

உட்கரு மட்டும் இருந்தால் போதாது. அதனோடு எழுதுவான், உலாவி, கணக்கேடு முதலிய மென்பொருள்களைச் சேர்த்து, நிறுவுதற்கு ஏற்றவாறு கட்டித் தருவதற்கு ‘வழங்கல்’ என்று பெயர். 1993இல் தோன்றிய தெபியன் அத்தகைய ஒன்று. தெபியனை அடிப்படையாகக் கொண்டு 2004 அக்தோபரில் வெளிவந்தது உபுண்டு. இப்பெயர் ஆங்கிலம் அன்று. தென்னாப்பிரிக்க மக்களின் பண்டு மொழிகளில் மாந்தநேயத்தைக் குறிக்கும் சொல். தம் மண்ணின் சொல்லொன்றை உலகமெல்லாம் உச்சரிக்கச் செய்துவிட்டனர் அவர்கள்!

தமிழுக்கு என்ன ஊதியம்?

விண்டோசிலும் தமிழ் முகப்பு உண்டு. அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் எந்தச் சொல் தமிழில் வரவேண்டும், எப்பொழுது வரவேண்டும், பிழையான சொல் எப்பொழுது திருத்தப்பெற வேண்டும் என்பவற்றையெல்லாம் முடிவு செய்வது அந்நிறுவனமே. வாடகை வீட்டின் சுவரில் ஆணியடிக்க வீட்டுக்காரரின் இசைவு வேண்டும் அன்றோ? கட்டற்ற மென்பொருளில் நிலை வேறு. ஒரு சொல் தவறாகப் பெயர்க்கப்பட்டிருப்பதைக் கிளியனூர் மாணவி ஒருத்தி கண்டால், அச்சொல் உள்ள கோப்பைத் திறந்து, திருத்தி, அத்திட்டத்தார்க்கு அனுப்பலாம். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த வெளியீட்டில் அச்சொல் தஞ்சையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் திரையில் தோன்றும். ஏற்கவில்லையாயினும் தன் பொறியில் தான் விரும்பிய சொல்லை வைத்துக்கொள்ளும் உரிமையை எவரும் பறித்தல் இயலாது.

இது வெறுங்கனவு அன்று. யூனிகோடு என்னும் உலகப் பொதுக்குறியீட்டின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபொழுதே தமிழ் அதில் இடம்பெற்றது. இலினக்சு பிறந்ததும் அவ்வாண்டே. 1999 பிப்பிரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டினையொட்டித் ‘தமிழ் 99’ விசைப்பலகை வரையறை செய்யப்பெற்றது. அக்காலத்தையொட்டியே தமிழகத்திலும் ஈழத்திலும் அயல்நாடுகளிலும் வாழ்ந்த தமிழ் இளைஞர் சிலர், கூலி எதுவும் பெறாமல், ‘கே.டி.ஈ.’ என்னும் இலினக்சு முகப்பைத் தமிழாக்கத் தொடங்கினர். இன்று தெபியனை நிறுவும்பொழுது மொழிப்பட்டியலில் ‘தமிழ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். நிறுவுதலின் கேள்விகளே தமிழில் வரும். தமிழ் 99 உள்ளீட்டு முறையும் தமிழ் எழுத்துருக்களும் இலவயமாய்க் கிடைக்கின்றன. இலிபரே ஆபீசு, பயர்பாக்சு ஆகியவற்றிற்கும் தமிழ் முகப்பு உண்டு. எல்லாம் நிறைவாக உள்ளன என்று சொல்வதற்கில்லை. பெயர்க்கப்படாத தொடர்கள் உள. பொருந்தாச் சொற்களும் உள. அக்குறையை நிறைப்பார் யார் என்பதே வினா. திறந்து கிடக்கும் கதவின் முன்னின்று, உள்ளே இருட்டாக உள்ளதே என்று குறைகூறுவதாற் பயனில்லை. விளக்கேற்றுவார் உள்ளே செல்லல் வேண்டும்.

பொறிக்குள் பொறி எங்ஙனம்?

ஓர் இயங்குதளத்தின் இயல்பு, “இப்பொறி முழுதும் என் ஆட்சிக்கு உட்பட்டது” என்று கொள்வதே. அவ்வாறாயின் ஓருறையில் இருவாள்கள் இருத்தல் எங்ஙனம்? இடையில் ஒரு நடுவர் நிற்பதனால்தான். அந்நடுவருக்கு மெய்நிகராக்கி என்று பெயர். உள்ளே இயங்கும் இலினக்சு நினைவகத்தைக் கேட்டால், உண்மை நினைவகத்தில் ஒதுக்கப்பெற்ற பங்கை அது காட்டும். வட்டைக் கேட்டால், விண்டோசின் வட்டிலுள்ள ஒரு பெருங்கோப்பை வட்டாகக் காட்டும். திரையைக் கேட்டால் ஒரு சாளரத்தைத் திரையாகக் காட்டும். பொறி முழுதையும் பாதிக்கும் ஆணை ஒன்றை உள்ளிருப்பது பிறப்பித்தால், அதனை இடைமறித்துத் தக்கவாறு நிறைவேற்றும். உள்ளே இருக்கும் இலினக்சு தான் தனியரசு நடத்துவதாகவே கருதிக்கொண்டு இயங்கும்.

வெளியில் இருப்பதை ‘விருந்தோம்பி’ என்றும், உள்ளே இயங்குவதை ‘விருந்து’ என்றும் இத்துறையார் அழைக்கின்றனர். விருந்தோம்பலை அறமாகப் போற்றிய தமிழர்க்கு இவ்வுறவை விளக்க வேண்டுவதில்லை. விருந்தினர்க்குத் தனியறையும் உணவும் உண்டு. வீட்டாரின் பேழையைத் திறக்கும் உரிமை மட்டும் இல்லை.

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. ஒரு கணிப்பொறி ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு பெருஞ்செல்வத்தை விழுங்கிய 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் ஒரே பொறியைப் பலர்க்கும் தனித்தனிப் பொறிபோற் காட்டும் முறையை ஆய்ந்தனர். 1972 ஆகத்தில் வி.எம்./370 என்னும் அமைப்பை அறிவித்தனர். ஆனால் பிற்காலத்து மேசைக் கணிப்பொறிகளின் செயலிகள் இதற்கு ஏற்றவாறு அமைக்கப்பெறவில்லை. வி.எம்.வேர் நிறுவனம் 1999இல் மென்பொருள் நுட்பத்தாலேயே அத்தடையைக் கடந்தது. 2005இல் இன்டெல் நிறுவனமும் 2006இல் ஏ.எம்.டி. நிறுவனமும் செயலிக்குள்ளேயே இதற்கான வசதியைப் பொருத்தின. செருமானிய நிறுவனமாகிய இன்னோடெக்கு 2007 சனவரியில் ‘விர்ச்சுவல்பாக்சு’ என்னும் மெய்நிகராக்கியின் மூலநிரலைத் திறந்துவிட்டது. அது பின்னர்ச் சன் நிறுவனத்தின் கைக்கும், 2010இல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்கும் மாறிய போதிலும், அதன் அடிப்படைத் தொகுப்பு இன்றும் கட்டற்ற மென்பொருளாகவே கிடைக்கின்றது. மேற்சேர்க்கையாக வரும் நீட்டிப்புத் தொகுப்பிற்கு மட்டும் உரிமம் வேறு. தொடக்கநிலை மாணாக்கர்க்கு அது தேவையில்லை.

செய்முறை

முதற்கண் மடிக்கணிப்பொறியின் நினைவகம் எவ்வளவு என அறிக. 8 கிகாபைட்டு இருந்தால் அதில் 4 கிகாபைட்டை விருந்திற்கு ஒதுக்கலாம். 4 கிகாபைட்டே இருந்தால் 2 கிகாபைட்டுக்கு மேல் ஒதுக்கற்க. வீட்டார் பட்டினி கிடக்க விருந்தினர்க்கு உணவிட்டால் இருவரும் மயங்குவர். அத்தகைய பொறிக்குப் பெரிய உபுண்டு ஏலாது. இலுபுண்டு, அல்லது எளிய முகப்புடைய தெபியன் போன்ற இலேசான வழங்கலே தக்கது.

அடுத்து, வழங்கலின் கோப்பை அதன் உரிய தளத்தினின்றே பதிவிறக்குக; அங்குத் தரப்பெற்றுள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க. பின்னர் விர்ச்சுவல்பாக்சை நிறுவி, புதிய பொறி ஒன்றை உருவாக்கி, 25 கிகாபைட்டு அளவில் மெய்நிகர் வட்டு ஒன்றை அமைக்க. தேவைக்கேற்ப வளரும் வட்டாக அதனை அமைத்தால் முழு இடமும் உடனே செலவாகாது. பொறி தொடங்க மறுத்து, மெய்நிகராக்க வசதி இல்லை என்னும் அறிவிப்பு வந்தால் அஞ்சற்க. பெரும்பாலும் அவ்வசதி பயாசு அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதனை ஏற்றினால் போதும்.

நிறுவும்பொழுது, “வட்டு முழுதையும் அழித்து நிறுவலாமா?” என ஒரு கேள்வி வரும். பலர் நெஞ்சம் நடுங்குவது இவ்விடத்தில்தான். மெய்நிகர்ப் பொறிக்குள் அக்கேள்வி சுட்டுவது அந்த 25 கிகாபைட்டுக் கோப்பை மட்டுமே. அக்காளின் திருமணப் படங்களை அது காணவும் காணாது. ஆனால் ஒன்றை மறவற்க! அதே கேள்வி, விரல்வட்டின்வழி உண்மைப் பொறியைத் தொடங்கி நிறுவும்பொழுது வந்தால், அது உண்மை வட்டையே அழிக்கும். சொல் ஒன்றே, நிற்கும் இடத்தால் பொருள் வேறு. எவ்விடத்தில் நிற்கின்றோம் என்று அறிந்து விடையளித்தல் வேண்டும்.

நிறுவி முடித்தவுடன், அப்பொறியின் அந்நேர நிலையைப் பதிந்து வைக்கும் வசதியைப் பயன்படுத்துக. அதன்பின் எந்த ஆணையையும் துணிந்து இட்டுப் பார்க்கலாம். முகப்பே கெட்டாலும், கோப்புகளெல்லாம் அழிந்தாலும், பதிந்து வைத்த நிலைக்குச் சில மணித்துளிகளில் மீளலாம். கெடுத்துப் பார்க்கும் உரிமையே கற்பதற்கு முதல் உரிமை. மிதிவண்டி ஓட்டக் கற்கும் பிள்ளை மணலில் விழுந்து எழுவதுபோல், இங்கே விழுந்தால் காயம் இல்லை.

தடைகளும் விடைகளும்

“மெய்நிகர்ப் பொறி மெதுவாக இயங்குகின்றதே” என்பர் சிலர். உண்மையே. ஒரு பொறியின் ஆற்றலை இருவர் பங்கிடுகின்றனர். படத்தொகுப்பு, விளையாட்டு முதலிய கடும்பணிகளுக்கு இது தக்கதன்று. ஆணைகளைக் கற்கவும், நிரல் எழுதவும், தமிழாக்கப்பணி செய்யவும் போதும். “விருந்திற்குள் இருப்பன என்றும் காப்பாக இருக்குமா?” என்பர் வேறு சிலர். விண்டோசின் வட்டு பழுதுற்றால் அதிலுள்ள கோப்பாகிய மெய்நிகர் வட்டும் போய்விடும். ஆகலின் தேவையானவற்றை வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தல் வேண்டும்.

“பிறர் வீட்டில் விருந்தினராய் இருப்பது உரிமை வாழ்வாகுமா?” என்பது இவற்றினும் ஆழமான வினா. ஆகாது. நாற்றங்கால் விளைநிலம் அன்று. ஆயினும் நாற்றங்கால் இன்றி நடவில்லை என்பதை இவ்வூர் உழவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டுமோ? விதையைக் கண்காணிப்பில் முளைக்கவிட்டு, வேரூன்றியபின் பிடுங்கி நடுகின்றனர். மெய்நிகர்ப் பொறி அத்தகையதே. அதில் கற்றுத் தேர்ந்தவர் பின்னர் உண்மைப் பொறியில் இலினக்சை நடலாம்.

அந்நடவுக்குரிய பருவமும் வந்துவிட்டது. 2025 அக்தோபர் 14ஆம் நாளோடு விண்டோசு 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாப்டு நிறுவனம் நிறுத்திவிட்டது. விண்டோசு 11ஐ நிறுவுதற்கு அந்நிறுவனம் வகுத்த தகுதிகளைப் பழைய மடிக்கணிப்பொறிகள் பல எட்டவில்லை. நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் பொறியைக் குப்பையில் எறிவதா? இலேசான இலினக்சு வழங்கல் அப்பொறிக்கு மேலும் சில ஆண்டுகள் உயிர் கொடுக்கும். மெய்நிகர்ப் பொறியில் முன்பே பழகிய பிள்ளை உள்ள வீடு அந்நாளில் கலங்காது. பழகாத வீடு புதுப்பொறிக்குக் கடன் வாங்கும்.

நாடு செய்ததும் வீடு செய்ய வேண்டியதும்

தமிழ்நாட்டு அரசின் எல்காட்டு நிறுவனம் 2006, 2007ஆம் ஆண்டுகளிலேயே சூசே இலினக்சிற்கு மாறத் தொடங்கியது. தெபியனை அடிப்படையாகக் கொண்ட ‘பாசு’ இலினக்சு 2007இல் சென்னையிலுள்ள சி-டாக் நடுவத்தினின்று வெளிவந்தது. 2011 செபுதம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தில் விண்டோசோடு பாசு இலினக்சும் சேர்த்தே வழங்கப்பெற்றது. விண்டோசு எக்சு.பி.க்கான ஆதரவு நின்ற 2014இல் அரசுத் துறைகள் பாசு இலினக்சை நிறுவுமாறு அறிவுறுத்தப்பெற்றன. ஆக, கருவி கையில் வந்தது. ஆனால் பொறியைத் திறக்கும்பொழுது தோன்றிய இரண்டு பெயர்களுள் இரண்டாவதைத் தொட்டுப் பார்த்தவர் எத்துணைப் பேர்? அண்டைச் சேரநாடாகிய கேரளம், கருவியோடு நின்றுவிடாமல் ஆசிரியரைப் பயிற்றியது. பள்ளிப் பாடத்தையும் தேர்வையும் கட்டற்ற மென்பொருளில் அமைத்தது. தன் பள்ளிகளுக்கெனத் தனி வழங்கலையே ஆக்கிக்கொண்டது. வேறுபாடு பொறியில் இல்லை, பழக்கத்தில் உள்ளது.

அப்பழக்கத்தை ஊட்டும் பணி இம்மாவட்டத்திலேயே நடைபெறுகின்றது. விழுப்புரம் குனு/இலினக்சுப் பயனர் குழுவினர் ஊர்ப்புற மாணாக்கர்க்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகின்றனர். 2012இல் தொடங்கிய ‘கணியம்’ என்னும் மின்னிதழ் இலினக்சைப் பற்றிய கட்டுரைகளையும் பொத்தகங்களையும் தமிழிலேயே விலையின்றித் தருகின்றது. ஆங்கிலம் தெரியாமையால் இலினக்சு கைவராது என்னும் சாக்கு இனிச் செல்லாது.

ஆகவே, பெற்றோரே! “கைவைக்காதே” என்ற சொல்லை, “உள்ளே தனியறை கட்டிக் கற்றுக்கொள்” என மாற்றுக. மாணாக்கரே! இவ்வாரம் ஒரு மெய்நிகர்ப் பொறியை அமைக்க. மொழிப்பட்டியலில் தமிழைத் தேர்க. திரையில் காணும் தமிழ்ச்சொற்களுள் பொருந்தாத ஒன்றைக் குறித்துக்கொள்க. அதற்கு நல்ல தமிழ்ச்சொல் யாதென ஆசிரியரோடும் நண்பரோடும் ஆய்க. முடிவைத் திட்டத்தார்க்கு எழுதி அனுப்புக. ஒருவர் ஒரு திங்களில் பத்துச் சொற்களைச் செப்பஞ்செய்தாலும், ஊருக்குப் பத்துப் பேர் முனைந்தால் ஓராண்டில் ஆயிரத்து இருநூறு சொற்கள் ஆகும். அயலார் ஆக்கிய பொறியில் தமிழ் விருந்தாக வந்து போவதா, வீட்டாராக நிலைத்து வாழ்வதா என்பதை முடிவு செய்யும் ஆற்றல் அவ்வாயிரத்து இருநூறு சொற்களுக்கு உண்டு.